கட்டி முடித்தபின் கேட்டு என்ன பயன்?

(இறுதியாண்டு மாணவர், அமைப்பியல் துறை)



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். வீடு கட்டுகிறவர் படும் பாடு அப்படி. மனை வாங்கும்போதே பத்துப் பேரைக் கேட்பார். மழைக்குத் தண்ணி நிக்குமா, செங்கல் லாரி உள்ளே வருமா, கிணத்துத் தண்ணி உப்பா, நல்ல தண்ணியா என்று அலசி ஆராய்ந்த பிறகுதான் அட்வான்ஸ் கொடுப்பார். சொந்தப் பணம் ஆயிற்றே!

ஆனால் ஊர்ப் பணத்தில் ஒரு பள்ளிக்கூடம், ஓர் ஆஸ்பத்திரி, ஒரு பஸ் நிலையம், ஒரு தொழிலாளர் விடுதி எழும்பும்போது இதே கேள்விகளை யார் கேட்கிறார்கள்? பெரும்பாலும் கட்டி முடித்து, திறப்பு விழா நடந்து, பந்தல் பிரித்த பிறகுதான் கேட்கிறோம். "இங்க போய் ஏன்யா கட்டினாங்க?" என்று டீக்கடையில் அலுத்துக்கொள்கிறோம். அப்போது கேட்டு என்ன பயன்?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுங்குவார்சத்திரம் வரை, இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை, நம் கண்ணெதிரே ஊர்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. 1996இல் ஹுண்டாய் வந்தது முதல் தொழிற்சாலைகள் வரிசையாக வந்துவிட்டன. அவற்றுக்குப் பின்னால் விடுதி, மருத்துவமனை, பள்ளி, பஸ் நிலையம் எல்லாம் வந்தாக வேண்டும், வந்துகொண்டும் இருக்கின்றன. இப்படி ஒரு பொதுக் கட்டடம் வரும்போது அதன் இடத்தையும் அமைப்பையும் உள்ளாட்சியும் ஊரும் எப்படிப் பரிசீலிக்க முடியும், சட்டம் எந்த இடத்தில் வாசலைத் திறந்து வைத்திருக்கிறது, டிப்ளமோ படிக்கும் நமக்கு அதில் என்ன வேலை என்பதைச் சொல்வதே இக்கட்டுரை. சிவில் மாணவர்களுக்கு மட்டும் என்று மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாளை அந்த விடுதியில் தங்கப் போவதும் அந்த பஸ் நிலையத்தில் இறங்கப் போவதும் நீங்கள்தான்!

முதல் தாளைப் படியுங்கள்

டிராயிங் ஹாலில் நாம் நேரம் செலவிடுவது எதில்? பிளான், செக்ஷன், எலிவேஷன். கதவு 1 மீட்டரா 0.9 மீட்டரா, லின்டல் எங்கே, சன்ஷேட் எவ்வளவு என்று மண்டையை உடைத்துக்கொள்வோம். ஆனால் ஒரு கட்டடத்தின் தலையெழுத்து பெரும்பாலும் தீர்மானமாவது சைட் பிளான் என்ற மனை வரைபடத்தில்.

அதில் என்ன இருக்க வேண்டும்? வடக்குக் குறி, அளவை, சர்வே எண், எல்லை அளவுகள், முன்னால் உள்ள சாலையின் அகலம், நிலத்தின் மட்டங்கள், ஏற்கெனவே இருக்கிற கிணறு, மரம், வாய்க்கால், மின்கம்பி, பக்கத்துக் கட்டடங்கள். அதன்மேல் புதிய கட்டடம் எங்கே உட்காருகிறது, நாலு பக்கமும் எவ்வளவு இடம் விடுகிறார்கள், வண்டி எப்படி வந்து எப்படித் திரும்புகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, மழைநீர் எங்கே இறங்குகிறது என்பவை.

கட்டடத்துக்குள் தவறு நேர்ந்தால் திருத்தலாம். கதவை இடம் மாற்றலாம், பார்ட்டிஷனை இடிக்கலாம். மனையில் தவறு நேர்ந்தால்? கட்டடத்தைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்க முடியாது. எனவே, கேட்க வேண்டிய கேள்விகளில் அவசரமானவை சைட் பிளானைப் பற்றியவை.

கிளாம்பாக்கம் சொல்லும் பாடம்

நமக்குப் பழக்கமான உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். ஒரகடம் வழியாகப் போகும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கிழக்கே போய் வண்டலூரில் திரும்பினால் கிளாம்பாக்கம். 88.52 ஏக்கரில், 393.74 கோடி ரூபாய் செலவில் எழுந்த கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. உள்ளே போய்ப் பார்த்தவர்கள் சொல்வார்கள்: கட்டடம் விசாலமானது, வெளிச்சமானது. குறை சொல்ல அதிகம் இல்லை.

ஆனால் மக்கள் பட்ட சிரமம் கட்டடத்துக்கு வெளியே இருந்தது. பக்கத்திலேயே ரயில் பாதை ஓடுகிறது; ஆனாலும் திறந்த நாளில் அங்கே ஒரு ரயில் நிலையம் இல்லை. தென்மாவட்டத்திலிருந்து விடியற்காலை வந்து இறங்குகிறவர் பெட்டி படுக்கையோடு மாநகரப் பேருந்தைத் தேட வேண்டியிருந்தது. ரயில் நிலையமும், அதற்குப் போக நடைமேம்பாலமும் பிறகு எடுத்துக்கொண்ட வேலைகள். முன்னால் ஜி.எஸ்.டி. சாலையில் மழைநீர் தேங்கியதால் திறப்பதற்கு முன் புதிதாக மழைநீர் வடிகால் அமைக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது.

இரண்டும் சைட் பிளான் கேள்விகள். 'இங்கு வருகிறவர் எதில் வருவார், எதில் போவார்?' என்பது ஒன்று. 'இத்தனை ஏக்கரில் காங்கிரீட் போட்டால் தண்ணீர் எங்கே போகும்?' என்பது மற்றொன்று. அடிக்கல் நாட்டியது 2019 பிப்ரவரியில். கேட்பதற்கு ஏறத்தாழ 5 ஆண்டுகள் இருந்தன.

இன்னொன்றையும் கவனியுங்கள். முனையத்தைக் கட்டியது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ. அந்தப் பகுதியில் யார் கட்டினாலும் திட்ட அனுமதி தரும் அமைப்பும் அதுவே. இதில் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் தேர்வு எழுதுகிறவரே விடைத்தாளையும் திருத்தினால் சில பிழைகள் கண்ணில் படாமல் போவது இயற்கைதானே! வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும். அந்த இடத்தில் தினம் நடக்கிற ஊர்க்காரரின் கண்ணாக அது இருந்தால் இன்னும் நல்லது.

வல்லம் வடகாலில் ஒரு சின்னக் கணக்கு

இப்போது நம் பகுதிக்கே வருவோம். 2021 டிசம்பரில், பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் சாப்பிட்ட ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் பலர் உடல்நலம் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடன் வேலை செய்தவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் செய்தார்கள். தொழிற்சாலைக்கு இடம் கொடுத்த நாம், தொழிலாளிக்கு இடம் கொடுத்தோமா என்ற கேள்வி அன்றைக்கு எல்லோர் காதிலும் விழுந்தது.

பிறகு சிப்காட் நிறுவனம் வல்லம் வடகாலில் 20 ஏக்கரில் ஒரு பெரிய குடியிருப்பு வளாகம் கட்டியது. 706.50 கோடி ரூபாய் செலவு. 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் திறந்துவைத்தார். 13 பிளாக்குகள், ஒவ்வொன்றிலும் 240 அறைகள், அறைக்கு 6 பேர். பெருக்கிப் பாருங்கள்: 18,720 பேர்! பல பேரூராட்சிகளில்கூட இத்தனை ஜனம் கிடையாது. நல்ல முயற்சி, வரவேற்க வேண்டிய முயற்சி.

இதுபோன்ற வளாகம் ஒன்றின் வரைபடம் ஓர் ஊராட்சியின் முன்னால் வந்தால் என்ன கேட்க வேண்டும்? நம் வகுப்பறைக் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். (கீழே வருவது பாடப்புத்தக அளவுகளை வைத்து நாம் போடும் பயிற்சிக் கணக்கு, அந்த வளாகத்தின் டிசைன் கணக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

விடுதியில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்தால், 18,720 பேருக்கு ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் கொண்டுவந்தால் தினமும் 210 லோடு! அந்தத் தண்ணீர் எந்த ஊர் போர்வெல்லிலிருந்து வரும்? அதில் 80 சதவீதம் கழிவுநீராகும் என்பது வழக்கமான கணக்கு. ஆக, ஏறத்தாழ 20 லட்சம் லிட்டரை தினமும் சுத்திகரிக்க வேண்டும். சுத்திகரித்த நீர் தோட்டத்துக்குப் போகிறதா, ஆலைக்குப் போகிறதா, பக்கத்து ஏரிக்குப் போகிறதா?

மூன்றில் ஒரு பங்கினர் ஒரே ஷிப்டுக்குக் கிளம்புகிறார்கள் என்றால் 6,240 பேர். 50 பேர் ஏறும் பஸ்ஸில் 125 பஸ். அரை மணி நேரத்துக்குள் 125 பஸ் ஒரே கேட் வழியாக வெளியே வந்தால், எதிரே உள்ள ஊர்ச் சாலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எப்படிக் கடப்பார்கள்?

பார்த்தீர்களா! பெரிய இன்ஜினீயரிங் எதுவும் தேவைப்படவில்லை. பெருக்கல், வகுத்தல் போதும். ஆனால் இந்தக் கணக்கை ஊரார் முன்னால் யாராவது போட்டுக் காட்ட வேண்டும்.

தண்ணீர் போகும் வழி

நம் மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, ஒரகடம் ஏரி, மணிமங்கலம் ஏரி என்று எத்தனையோ! இவை தனித்தனிக் குட்டைகள் இல்லை. சங்கிலி போல ஒன்றோடொன்று கோத்தவை. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகள் நிரம்பி வழிந்தால் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். அங்கும் நிரம்பினால் அடையாறு. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டதையும், முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியதையும் மறக்க முடியுமா?

இதில் பொதுக் கட்டடத்துக்கு என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. அரசு கட்டடம் கட்ட நிலம் தேடும்போது விலை கொடுத்து வாங்குவதைவிடப் புறம்போக்கு எடுப்பது சுலபம். புறம்போக்கில் காலியாகக் கிடப்பது எது? மேய்க்கால், களம், ஏரி, வாய்க்கால் ஓரம். கோடையில் போய்ப் பார்த்தால் கிரிக்கெட் விளையாடும் மைதானம் போல இருக்கும். ஐப்பசியில் போய்ப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எழுந்தது உலகனேரிக் கண்மாய் நிலத்தில். சென்னையில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது ஒரு காலத்தில் நுங்கம்பாக்கம் ஏரி பரவியிருந்த பகுதியில். நீதிமன்றத்துக்கே ஏரி நிலம் என்றால் மற்றவற்றைச் சொல்லவா வேண்டும்!

ஹைட்ராலிக்ஸ் பாடத்தில் வரும் ரேஷனல் முறையை இங்கே பயன்படுத்துவோம். வழிந்தோடும் நீர் = வழிவு எண் × மழைச் செறிவு × பரப்பு ÷ 360. பரப்பு ஹெக்டேரில், மழை மணிக்கு மி.மீ. அளவில், விடை விநாடிக்கு கன மீட்டரில். 2 ஹெக்டேர் புல்வெளி, மணிக்கு 60 மி.மீ. மழை, வழிவு எண் 0.3 என்றால் விநாடிக்கு 0.1 கன மீட்டர், அதாவது 100 லிட்டர். அதே இடத்தில் கட்டடமும் தார்ச்சாலையும் கான்கிரீட் முற்றமும் வந்தால் வழிவு எண் 0.8. விடை விநாடிக்கு 267 லிட்டர். அதே மழை, அதே நிலம். தண்ணீர் மட்டும் இரண்டரை மடங்குக்கு மேல்! ஒரு மணி நேர மழையில் கூடுதலாக வெளியேறுவது 6 லட்சம் லிட்டர், அதாவது 50 டேங்கர் லாரித் தண்ணீர். அது யார் வீட்டு வாசலுக்குப் போகிறது? சைட் பிளானில் வடிகாலைக் காட்டி, எல்லைக் கோட்டோடு அம்புக்குறியை நிறுத்திவிடுவார்கள். அம்புக்குறிக்கு அந்தப் பக்கம்தான் ஊர் இருக்கிறது!

சட்டம் திறந்து வைத்திருக்கும் வாசல்

அரசாங்கமே கட்டும்போது அதை யார் கேட்க முடியும் என்று பலரும் நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 என்று ஒன்று உண்டு. தனியார் ஒருவர் கட்ட வேண்டும் என்றால் முதலில் திட்ட அனுமதி, பிறகு உள்ளாட்சியின் கட்டட அனுமதி என்று இரண்டு படி ஏற வேண்டும். அரசுத் துறைக்கும் உள்ளாட்சிக்கும் அந்தச் சட்டத்தின் 58ஆம் பிரிவு வேறு வழி சொல்கிறது. கட்ட நினைக்கும் துறையின் அதிகாரி, வேலை தொடங்குவதற்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்பே முழு விவரங்களையும் வரைபடங்களையும் சேர்த்துத் திட்டக் குழுமத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். குழுமம் ஆட்சேபம் சொன்னால் இரண்டில் ஒன்று செய்ய வேண்டும்: வரைபடத்தைத் திருத்த வேண்டும், அல்லது ஆட்சேபத்தையும் இணைத்து மேலிடத்தின் முடிவுக்கு அனுப்ப வேண்டும்.

ஆக, அரசுக் கட்டடமும் கேள்விக்கு உட்பட்டதே. ஆனால் 30 நாள் என்பது ஒரு மாதம். அந்த மாதத்தில் ஊருக்குள் யாருக்கும் விஷயம் தெரியாமலே போய்விடுவதும் உண்டு.

எந்த அளவுகோலில் பார்ப்பது? 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இப்போது மாநிலம் முழுவதற்கும் பொது. முன்பு ஊராட்சிக்கு ஒரு விதி, நகராட்சிக்கு ஒரு விதி என்று இருந்ததை ஒன்றாக்கினார்கள். 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் அது உயர்மாடிக் கட்டடம். அதற்குத் தனி நிபந்தனைகள். மனை 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாகப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது பொது விதி. இதை ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். நம் ஊர்களில் விளையாட்டு மைதானம் இல்லையே என்று ஏங்குகிறவர்கள் இந்த மூன்றெழுத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்!

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசாணை வந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர்கள் பலவும் அதற்குள் வருகின்றன. திட்டமிடும் மேசை பெரிதாகிறது. அந்த அளவுக்கு ஊரிலிருந்து தூரமாகவும் போகிறது. ஊராட்சி மன்றம் வாய் திறந்து பேச வேண்டிய தேவை இதனால் கூடியிருக்கிறது.

கிராம சபை என்ன செய்ய முடியும்?

உத்திரமேரூர் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்குள்ள கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முந்தியவை, குடவோலை முறையைச் சொல்கின்றன. அதில் ஏரி வாரியம் என்று ஏரிக்கே தனிக் குழு! கணக்குக் காட்டாதவர் மறுபடி உறுப்பினராக முடியாது. ஏரியையும் கணக்கையும் ஊரே பார்த்துக்கொண்ட மண் இது.

இன்றைக்கு அந்த இடத்தில் இருப்பது 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி அமைந்த கிராம சபை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கு நாட்களோடு மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்திலும் நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்திலும் கூட்டம் நடத்துவது என்று 2022இல் அறிவித்தார்கள்.

கிராம சபைக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதற்குப் பரந்தூர் ஓர் உதாரணம். 2022 ஆகஸ்டில் புதிய விமான நிலையத்துக்குப் பரந்தூர் பகுதி தேர்வானது. அந்த மாதமே, சுதந்திர தின கிராம சபையில் ஏகனாபுரம் மக்கள் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். அதன்பின் வந்த கூட்டங்களிலும் மீண்டும் மீண்டும் நிறைவேற்றினார்கள். திட்டப் பரப்பின் குறுக்கே கம்பன் கால்வாய் போகிறது. வழியில் பல ஏரிகளுக்கு நீர் தந்து ஸ்ரீபெரும்புதூர் ஏரி வரை வரும் கால்வாய் அது. அதைப் பற்றிய கேள்விக்குப் பிறகு நீரியல் ஆய்வுக் குழு அமைக்க வேண்டி வந்தது. ஆனாலும் 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது.

இதிலிருந்து தெரிவது என்ன? கிராம சபைத் தீர்மானத்துக்குத் திட்டத்தை நிறுத்தும் அதிகாரம் இல்லை. விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்று இங்கே தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் கால்வாய் எங்கே ஓடுகிறது என்பதை விவாதத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தது அந்த ஊரின் குரல். 'வேண்டாம்' என்ற தீர்மானத்தை மேலே உள்ளவர்கள் ஒதுக்கிவிடலாம். 'இந்தச் சர்வே எண்ணில் இந்த வாய்க்கால் ஓடுகிறது, உங்கள் வரைபடத்தில் காணவில்லை' என்று எழுதிய தீர்மானத்தை ஒதுக்குவது அவ்வளவு சுலபமில்லை. அதற்கு யாராவது பதில் எழுதியாக வேண்டும்.

"இப்படிக் கேட்டால் வேலை நடக்குமா?"

நியாயமான சந்தேகம்தான். ஆஸ்பத்திரி வருவதே பெரிசு, அதில் நொட்டை சொன்னால் பக்கத்து ஊருக்குப் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. தன் நிலத்துக்கு விலை ஏற வேண்டும் என்பதற்காகவே கேட்டை இந்தப் பக்கம் வை, ரோட்டை அந்தப் பக்கம் போடு என்று சொல்லும் பெரிய மனிதர்களும் ஊருக்கு ஊர் உண்டு. மறைப்பானேன்?

அதற்கு மருந்து கேள்வியை அடக்குவது இல்லை. கேள்வியை அளவோடு கேட்பது. அளவு நாடாவும் லெவல் மெஷினும் கட்சி பார்க்காது. பேப்பரில் ஒரு கோட்டை நகர்த்த ரப்பர் போதும். அடிக்கல் நாட்டியபின் நகர்த்த எஸ்டிமேட் வேண்டும். கட்டி முடித்தபின் நகர்த்த ஜென்மம் வேண்டும்!

கும்பகோணத்தை நினைத்துப் பாருங்கள். 2004 ஜூலை 16. கீற்றுக்கொட்டகை, குறுகலான மாடிப்படி, 94 குழந்தைகள். அது தனியார் பள்ளி. ஆனால் 'தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியே ஓடுவது?' என்ற கேள்வி எல்லாக் கட்டடத்துக்கும் ஒன்றே. நேரத்தோடு கேட்காமல் விட்டால் என்ன விலை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நாம் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினர்களும் ஊரை அறிந்தவர்கள். "ஐப்பசியில இங்க முட்டிக்கால் தண்ணி நிக்கும் தம்பி" என்று ஒரு பெரியவர் சொல்வதற்கு ஈடான சர்வே ரிப்போர்ட் கிடையாது. ஆனால் அவர்களில் பலருக்கு வரைபடம் படித்துப் பழக்கமில்லை. வரைபடம் போடுகிற இன்ஜினீயருக்கு ஐப்பசி தெரியாது. இரண்டும் தெரிந்தவர்கள் நாம். இந்த ஊர்ப் பிள்ளைகள், டிப்ளமோ படித்தவர்கள். ஆகவே அடுத்த முறை ஒரு பொதுக் கட்டடத்தின் வரைபடம் கைக்கு வந்தால் இவற்றைப் பாருங்கள்:

1. சர்வே எண் எது? புலப்படத்தில் அந்த எண்ணுக்குள் வாய்க்காலோ பாதையோ காட்டியிருக்கிறதா? பட்டா விவரமும் புலப்படமும் இன்று இணையத்திலேயே பார்க்கக் கிடைக்கின்றன.

2. தரைமட்டம் என்ன? பக்கத்து ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டத்தைவிட அடித்தள மட்டம் எவ்வளவு உயரம்? 2015இல் அங்கே தண்ணீர் எதுவரை நின்றது?

3. மழைநீர் எல்லையைத் தாண்டி எங்கே போகிறது? அந்த வாய்க்கால் அதைத் தாங்குமா?

4. தீயணைப்பு வண்டி உள்ளே வந்து திரும்ப முடியுமா? உயர்மாடிக் கட்டடத்தைச் சுற்றி 6 மீட்டர் வழியும், திரும்ப 9 மீட்டர் ஆரமும் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட நெறித்தொகுப்பு.

5. சக்கர நாற்காலியில் வருகிறவர் உள்ளே போவது எப்படி? சாய்தளம் 12க்கு 1 சரிவில் இருக்க வேண்டும். வாசல் 60 செ.மீ. உயரம் என்றால் சாய்தளத்துக்கு 7.2 மீட்டர் நீளம் தேவை. கட்டி முடித்தபின் அந்த 7 மீட்டருக்கு எங்கே போவது? அதனால்தான் பல அலுவலகங்களில் பைக் ஏற்றும் பலகை மாதிரி செங்குத்தாக ஒன்று நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016இல்.

6. நடந்தும் பஸ்ஸிலும் வருகிறவர் எந்த வழியில் வருவார்? கேட்டுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவே லாரி ஓடும் சாலை இருக்கிறதா?

7. தண்ணீர் எங்கிருந்து, எவ்வளவு? கழிவுநீர் எங்கே, எவ்வளவு?

வரைபடத்தைத் தர மறுத்தால்? 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போடலாம். பதிலுக்கு 30 நாள். கிடைத்த பதிலோடு கிராம சபைக்குப் போகலாம். சண்டை போடப் போக வேண்டாம். ஒரு சார்ட் பேப்பரில் சைட் பிளானைப் பெரிதாக வரைந்து, ஊராருக்குத் தெரிந்த அடையாளங்களை, அரசமரம், ரேஷன் கடை, ஏரிக்கரை, மதகு எல்லாவற்றையும் குறித்து, "இங்கதான் வருது, இப்படித்தான் வருது, பாருங்க" என்று விளக்கினால் போதும். மற்றதை ஊர் கேட்கும். கேட்டதைத் தீர்மானத்தில் எண்ணோடும் அளவோடும் எழுதிக்கொடுப்பது நம் பொறுப்பு.

படிப்பு முடிந்ததும் நம்மில் சிலர் கான்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசராகப் போவோம். சிலர் பொதுப்பணித் துறையிலோ ஊரக வளர்ச்சித் துறையிலோ பணி மேற்பார்வையாளர் ஆவோம். சிலர் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இதே மனை வரைபடத்தை நாமே போடுவோம். எல்லைக் கோட்டில் அம்புக்குறியை நிறுத்துகிற கை அப்போது நம்முடையதாக இருக்கும். ஒரு நிமிடம் பென்சிலை வைத்துவிட்டு, அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் யார் வீடு இருக்கிறது என்று பார்ப்போம். பார்த்துவிட்டு வரைவோம்!